ஐ.பி. கொடுத்த பிறகு வீட்டுக்கடன்: மும்பை வாசகர்களின் கேள்விகள்

கடனில் நொடித்துப்போய் மீண்டவர்கள் வீடு வாங்குவதைப் பற்றி, தாராவி முதல் கல்யாண் வரை உள்ள வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தேன். 2019-ல் நொடித்துப்போய் மும்பை உயர் நீதிமன்றத்தில் ஐ.பி. (இன்சால்வன்சி பெட்டிஷன், அதாவது நொடிப்பு மனு) கொடுத்தேன். நீதிமன்றம் உத்தரவும் போட்டுவிட்டது. இப்போது வேறு பட்டறை, ஒழுங்காக ஓடுகிறது. செலவு போக மாதம் 80,000 ரூபாய் நிற்கிறது. டோம்பிவிலியில் 38 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். இரண்டு வங்கிகள் மறுத்துவிட்டன. மஞ்சள் கடுதாசி கொடுத்தவனுக்கு வீட்டுக்கடனே கிடையாதா?
– வாசகர், தாராவி

கிடைக்கும். ஆனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் கையில் இருப்பது எந்த உத்தரவு என்று எடுத்துப் பாருங்கள். ‘உத்தரவு போட்டுவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த உத்தரவு என்று எழுதவில்லை. மற்ற எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

ஐ.பி. வழக்கில் மூன்று விதமான தாள்கள் வரும். உங்களை நொடித்தவர் என்று அறிவிப்பது அட்ஜுடிகேஷன் உத்தரவு. பழைய கடனுக்காகக் கைதாகாமல் காப்பது புரொடெக்ஷன் உத்தரவு. கடன்களிலிருந்தே உங்களை விடுவிப்பது டிஸ்சார்ஜ் உத்தரவு. முதல் இரண்டும் வந்ததும் வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் நிறையப் பேர். டிஸ்சார்ஜ் தானாக வராது, தனியாக மனுப் போட்டுக் கேட்க வேண்டும். அது இல்லாமல் நீங்கள் வாங்கும் சொத்து உங்கள் பெயரில் பதிவானாலும், நொடித்தவர் சொத்தை நிர்வகிக்கும் நீதிமன்ற அதிகாரியான அஃபிஷியல் அசைனி அதைப் பழைய கடன்களுக்காக எடுத்துக்கொள்ள முடியும். அது மட்டுமல்ல, டிஸ்சார்ஜ் ஆகாதவர் தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே குற்றம். சட்டம் 1909-ல் எழுதியது, அதனால்தான் அந்தத் தொகை. ஆனால் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. மும்பை நகருக்கு அந்த 1909 பிரெசிடென்சி டவுன்ஸ் இன்சால்வன்சி சட்டமும், தாணே, கல்யாண் பக்கம் வழக்குப் போட்டவர்களுக்கு 1920-ம் ஆண்டின் புரொவின்ஷியல் இன்சால்வன்சி சட்டமும் பொருந்தும். 2016-ல் வந்த புதிய நொடிப்புச் சட்டத்தைச் சொல்லி உங்களைக் குழப்புவார்கள். அதன் தனிநபர் பகுதி, கம்பெனி வாங்கிய கடனுக்குச் சொந்தப் பிணை கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது.

ஆக, டிஸ்சார்ஜ் இல்லையென்றால் முதல் செலவு வக்கீலுக்கு. இருக்கிறது என்றால் அதன் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி வையுங்கள். மனுவோடு நீங்கள் தாக்கல் செய்த கடன் கொடுத்தவர்கள் பட்டியலின் நகலும் வேண்டும். கடன் பிரிவு அதிகாரி முதலில் கேட்பது இந்த இரண்டும்தான்.

அடுத்தது கடன் அறிக்கை. சிபில் மட்டும் போதாது. சிபிலோடு எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் அறிக்கை தரும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுத்து, நீதிமன்றப் பட்டியலோடு ஒவ்வொரு கணக்காக ஒப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் செய்தியை நீதிமன்றம் சிபிலுக்கு அனுப்புவதில்லை. கடன் கொடுத்த வங்கி அறிவித்தால்தான் அங்கே மாறும். அதனால், சட்டப்படி நீங்கள் விடுபட்ட கடன், அறிக்கையில் ‘ரிட்டன் ஆஃப், பாக்கி 3,40,000’ (வராதென்று வங்கி தள்ளிவைத்த கடன்) என்று அப்படியே நின்றுகொண்டிருக்கலாம். புதிய வங்கியின் கணினி அந்தப் பாக்கியைப் பார்த்ததும் விண்ணப்பத்தைத் தள்ளிவிடும், மனிதக் கண்ணுக்கு அது போகவே போகாது. உங்கள் இரண்டு மறுப்புகளுக்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

பாக்கி நிற்கும் ஒவ்வொரு வங்கியிலும் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கும் டிஸ்சார்ஜ் நகலோடு எழுதுங்கள். அதே நாளில் கடன் அறிக்கை நிறுவனத்தின் தளத்திலும் தகராறு மனு பதியுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். அதைத் தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2024 ஏப்ரல் முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதி இது.

டிஸ்சார்ஜ் எல்லாவற்றையும் கழுவிவிடாது. அரசுக்குச் செலுத்த வேண்டியவை, மோசடியால் வந்த கடன் ஆகியவை அதில் போகாது. உங்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் விடுபடமாட்டார். மச்சானோ தம்பியோ அப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவருடைய அறிக்கையையும் பாருங்கள். நாளைக்கு அவரையே இணைக் கடனாளியாகக் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இனி வருமானக் கணக்கு. கையில் 80,000 நிற்கிறது என்கிறீர்கள். வங்கிக்கு அது தெரியாது. சொந்தத் தொழில் செய்பவரிடம் அது பார்ப்பது இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு, ஓராண்டு வங்கிப் புத்தகம். கணக்கில் ஆண்டு வருமானம் 5 லட்சம் காட்டியிருந்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 41,600. எல்லாத் தவணையும் சேர்ந்து அதில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டால் 20,800. வட்டி 11 சதவீதம், 20 ஆண்டு என்றால் கிடைப்பது 20 லட்சம்தான். உண்மையான 9,60,000-ஐக் காட்டியிருந்தால் அதே கணக்கில் 38 லட்சத்துக்கு மேல் வரும். தாராவியில் ரொக்கமாகப் புரளும் பணத்தை இன்றிலிருந்து வங்கிக் கணக்கு வழியாக ஓட்டுங்கள். சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள், கட்டணம் கிடையாது.

கைப்பணமும் கூடுதலாக வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடன் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30-க்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் 80 சதவீதம் வரையும் போகலாம். அது எல்லைக்கோடு. ஐ.பி. பின்னணி உள்ளவருக்கு அதிகாரி அதற்குக் கீழேயே நிற்பார். 38 லட்சம் வீட்டுக்கு 25 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 13 லட்சம், முத்திரைத்தீர்வை ஏறக்குறைய இரண்டரை லட்சம், பதிவுக்கட்டணம் 30,000, வங்கியின் சட்ட, மதிப்பீட்டுச் செலவுகள் எல்லாம் சேர்ந்து 16 லட்சத்துக்கு மேல் உங்கள் கையில் இருக்க வேண்டும். முத்திரைத்தீர்வைக்குக் கடன் கணக்கில் இடமில்லை. அதைக் கைமாற்று வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெரிய தொகை திடீரென்று கணக்கில் விழுந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

விண்ணப்பப் படிவத்தில் ‘எப்போதாவது இன்சால்வன்ட் ஆக அறிவிக்கப்பட்டீர்களா’ என்ற கட்டம் இருந்தால் ‘ஆம்’ என்று எழுதி, நகலைச் சேருங்கள். மறைத்து வாங்கிய கடனை வங்கி எந்த நாளிலும் திருப்பிக் கேட்கலாம். கிளைக்குப் போகும்போதே, தொழில் ஏன் நொடித்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தேதிகளோடு கொடுங்கள். பழைய கடன் கொடுத்த வங்கியைத் தவிர்த்துவிடுங்கள். சிபிலில் அழிந்தாலும் அவர்கள் உள் பதிவேட்டில் நீங்கள் இருப்பீர்கள்.

மூன்றாவது வங்கிக்கு உடனே ஓடவும் வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் விசாரணையாகப் பதிகிறது. அறிக்கை சரியாகும் வரை ஆறு மாதமாவது நிறுத்திவையுங்கள்.

நான் நீதிமன்றத்துக்கெல்லாம் போகவில்லை. 2021-ல் கிரெடிட் கார்டு பாக்கி 1,84,000 ரூபாய். வங்கி 70,000-க்கு முடித்துக்கொண்டது. இப்போது அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று இருப்பதால் வீட்டுக்கடன் தர மறுக்கிறார்கள். பேசி முடித்த கடன் எப்படிக் குற்றமாகும்?
– வாசகி, செம்பூர்

குற்றமில்லை. ஆனால் ‘செட்டில்டு’ என்பதை வங்கிகள் ‘முழுசாகக் கட்டவில்லை’ என்றுதான் படிக்கின்றன. முழுதாகக் கட்டி முடித்ததற்கு ‘குளோஸ்டு’ என்று வரும். பாக்கிக்கும் நீங்கள் கட்டியதற்கும் இடையில் உள்ள 1,14,000 ரூபாய் வங்கி தள்ளுபடி செய்த பணம், அந்தத் தள்ளுபடிதான் உங்கள் பெயரில் நிற்கிறது.

இதை மாற்ற முடியும், வரிசை தவறாமல் செய்தால். முதலில் அந்த வங்கிக்கு மின்னஞ்சலில் இரண்டு கேள்வி எழுதுங்கள்: தள்ளுபடித் தொகையைக் கட்டினால் ‘குளோஸ்டு’ என்று மாற்றுவீர்களா, மொத்தம் எவ்வளவு. வட்டியையும் அபராதத்தையும் விட்டுவிட்டு அசலின் மீதியை மட்டும் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கலாம், கேட்டுப் பாருங்கள். எழுத்தில் பதில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் கேட்டால், ‘ஏற்கெனவே முடிந்த கணக்கு, மாற்ற வழியில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கடனை வங்கி, வராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் ஏதாவது சொத்து மீட்பு நிறுவனத்துக்கு விற்றிருக்கிறதா என்றும் பாருங்கள். விற்றிருந்தால் அறிக்கையில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும், பேச வேண்டியது அவர்களோடு. பணம் காசோலையாகவோ நெஃப்டிலோ நேராகக் கடன் கணக்குக்குப் போக வேண்டும். வசூலுக்கு வருகிறவர் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள், அவருடைய ஜி-பே எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். பிறகு ‘நோ டியூஸ்’ கடிதம். அதில் கணக்கு எண், கட்டிய தொகை, தேதி, ‘தள்ளுபடி ஏதும் நிலுவையில் இல்லை’ என்ற வரி எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை கடன் அறிக்கை நிறுவனங்களுக்கு விவரம் அனுப்ப வேண்டும். ஒன்றரை மாதம் கழித்து அறிக்கையைத் திரும்ப எடுத்தால் மாற்றம் தெரிய வேண்டும்.

சிபில் மதிப்பெண் மறுநாளே குதித்து ஏறாது. ஆனால் அதிகாரி தாண்ட முடியாமல் நின்ற தடை போய்விடும். உங்களுக்கு இப்போது வேண்டியது அதுதான்.

இப்படி மூன்று நான்கு கணக்கு வைத்திருப்பவர்கள் கையில் உள்ள பணத்தை எங்கே முதலில் போடுவது என்று கேட்கிறார்கள். ‘ரிட்டன் ஆஃப்’ என்று எழுதிப் பாக்கியும் காட்டும் கணக்கு எதுவோ அதில்தான், தொகை 8,000 என்றாலும். அதை முடித்துவிட்டு ‘செட்டில்டு’ கணக்குகளுக்கு வாருங்கள். அண்மையில் செட்டில் செய்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023 ஜூன் மாத ரிசர்வ் வங்கி நெறிப்படி, செட்டில் செய்த அதே வங்கி குறைந்தது 12 மாதம் உங்களுக்குப் புதிய கடன் தரக்கூடாது.

ஏழு வருடம் ஆனால் சிபிலில் எல்லாம் அழிந்துவிடும் என்கிறார்களே?
– வாசகர், சயான் கோலிவாடா

2005-ம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி விவரத்தைக் குறைந்தது ஏழாண்டு வைத்திருக்க வேண்டும். ‘ஏழாண்டில் அழிக்க வேண்டும்’ என்று யாரோ மாற்றிச் சொல்லி, அதுவே பரவிவிட்டது. பாக்கியோடு திறந்து கிடக்கும் கணக்கு எட்டாவது ஆண்டிலும் அங்கேயே இருக்கலாம். காத்திருந்து அழியவிடும் திட்டத்தைக் கைவிடுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் புதிய நல்ல பதிவை உருவாக்குவதுதான் பலன் தரும். 25,000 அல்லது 50,000 ரூபாயை வைப்பு நிதியில் போட்டு அதன் மேல் ஒரு கிரெடிட் கார்டு வாங்குங்கள். பழைய அறிக்கை மோசமாக இருந்தாலும் இது கிடைத்துவிடும். வரம்பில் 30 சதவீதத்துக்கு மேல் தொடாமல், கெடு தேதிக்கு முன்னால் முழுத் தொகையையும் கட்டுங்கள். ‘மினிமம்’ மட்டும் கட்டினால் வட்டியும் ஏறும், பயனும் குறையும். நகைக்கடனும் அறிக்கையில் ஏறும், நாள் தவறாமல் மீட்டால் உதவும். ஆனால் மொத்தமாக ஆண்டு முடிவில் கட்டும் நகைக்கடனில் தேதி மறந்துபோவது மிகச் சாதாரணம், அப்படி ஒரு நாள் தாமதமும் பதிந்துவிடும்.

நம்மவர்கள் பலர், ‘பத்து வருடம் சீட்டுக் கட்டுகிறேன், ஒரு தவணை தவறியதில்லை’ என்று அதிகாரியிடம் சொல்கிறார்கள். அந்த நாணயம் உண்மையானது, மதிக்கவேண்டியது. ஆனால் தெருச் சீட்டு எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. அதே தொகையை மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டால் குறைந்தபட்சம் வங்கிப் புத்தகத்தில் பழக்கமாகத் தெரியும், முன்பணத்துக்குக் கணக்கும் இருக்கும்.

என் கணவர் பெயரில் பழைய கடன் பிரச்சினை. நான் பள்ளி ஆசிரியை, அறிக்கை சுத்தம். என் பெயரில் மட்டும் வாங்கலாமா?
– வாசகி, மாட்டுங்கா

உங்கள் சம்பளம் மட்டும் தவணையைத் தாங்கும் என்றால் தாராளமாக. கடனும் பத்திரமும் உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும். கணவரைப் பத்திரத்தில் சேர்த்தால் வங்கி அவரையும் கடனாளியாகச் சேர்க்கும், அவருடைய அறிக்கையும் மேசைக்கு வந்துவிடும். மகாராஷ்டிரத்தில் குடியிருப்பு வீட்டைப் பெண்கள் பெயரில் மட்டும் பதிந்தால் முத்திரைத்தீர்வையில் 1 சதவீதம் குறைவு. மும்பை நகரில் 6-க்குப் பதில் 5. இதற்கும் கூட்டுப் பெயர் இருக்கக்கூடாது.

கணவர் முன்பணம் கொடுப்பதாக இருந்தால் அவருடைய கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வங்கி வழியாக வரட்டும். அவர் ஐ.பி. கொடுத்து இன்னும் டிஸ்சார்ஜ் ஆகாதவர் என்றால் ஒரு பைசாவும் வாங்காதீர்கள். கடன் கொடுத்தவர்களிடமிருந்து மறைக்க மனைவி பெயரில் சொத்து வாங்கியதாகச் சொல்லி, அஃபிஷியல் அசைனி உங்கள் வீட்டின் மேலேயே வழக்குப் போட முடியும்.

ஆன்டாப் ஹில்லில் பகடி அறை ஒன்று, பக்கத்திலேயே எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) கட்டடத்தில் ஒரு ஃபிளாட். இரண்டும் மலிவு. செட்டில்மென்ட் பின்னணி உள்ள நான் எதை எடுத்தால் கடன் எளிது?
– வாசகர், ஆன்டாப் ஹில்

பகடியை விடுங்கள். அது வாடகை உரிமை, அடமானம் வைக்க உங்களுக்குச் சொந்தமாக எதுவும் அதில் இல்லை. வங்கி வீட்டுக்கடன் தராது. சால் கோலிக்கும் (வரிசைக் குடியிருப்பின் ஒற்றை அறை) பெரும்பாலும் அதே கதிதான்.

எஸ்.ஆர்.ஏ. ஃபிளாட்டை ஒதுக்கீடு பெற்றவர் குறிப்பிட்ட காலத்துக்கு விற்க முடியாது. அந்தக் காலம் முடிந்ததா, எஸ்.ஆர்.ஏ.வின் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று பார்க்காமல் டோக்கன் கொடுக்காதீர்கள். பவர் ஆஃப் அட்டர்னி போட்டுத் தருகிறேன் என்பவரிடம் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

அறிக்கையில் ஏற்கெனவே ஒரு கீறல் இருக்கும்போது சொத்தில் இன்னொரு கீறலை வங்கி தாங்காது. இந்த நிலையில் உள்ளவர்கள் ஓ.சி. (குடியேறலாம் என்ற மாநகராட்சிச் சான்று) உள்ள, பதிவான சொசைட்டி (வீட்டுக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம்) உள்ள கட்டடத்தையே பாருங்கள். ஷேர் சர்டிஃபிகேட், முதல் விற்பனையிலிருந்து எல்லா ஒப்பந்தங்களும் முத்திரையோடு பதிவானவை, ஒவ்வொன்றுக்கும் இன்டெக்ஸ் 2 (பதிவு அலுவலகம் தரும் சுருக்கத் தாள்), சொசைட்டியின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) எல்லாம் வேண்டும். இவற்றில் இடையில் ஒரு ஒப்பந்தம் காணாமல் போயிருப்பதுதான் பழைய கட்டடங்களில் அடிக்கடி நடப்பது. டோக்கன் ரசீதில் ‘வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் தொகை முழுதும் திருப்பப்படும்’ என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் நிலையில் அந்த வரி பல லட்சம் பெறும்.

25,000 ரூபாய் கொடுத்தால் சிபிலைச் சுத்தம் செய்து தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா?
– வாசகர், முலுண்ட்

வேண்டாம். கடன் கொடுத்த நிறுவனம் சொல்லாமல் அறிக்கையில் ஓர் எழுத்தும் மாறாது. ஏஜென்ட் செய்வதெல்லாம் உங்கள் பெயரில் அதே இலவசத் தகராறு மனுவைப் போடுவதுதான், அதற்காக உங்கள் பான், ஆதார், ஓ.டி.பி. எல்லாம் அவர் கைக்குப் போகும். 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர் அதிகாரியான ஒம்புட்ஸ்மனுக்கு இணையத்தில் எழுதுங்கள். கடன் அறிக்கை நிறுவனங்களும் 2022 செப்டம்பரிலிருந்து அதன் வரம்புக்குள் வந்துவிட்டன. இதற்கும் கட்டணம் இல்லை.

வங்கிகள் மறுத்தன. ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனம் 30 லட்சத்தை 13 சதவீதத்தில் தருகிறது. எடுக்கவா, காத்திருக்கவா?
– வாசகர், கல்யாண்

20 ஆண்டுக்கு 30 லட்சம் என்றால் 13 சதவீதத்தில் தவணை 35,147. அதே கடன் 11 சதவீதத்தில் 30,966, ஒன்பதில் 26,992. பதின்மூன்றுக்கும் ஒன்பதுக்கும் மாதம் 8,155 வித்தியாசம். கடைசி வரை அப்படியே கட்டினால் 19 லட்சத்து 57 ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போகும்.

டிஸ்சார்ஜ் அல்லது கடைசி பாக்கி முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை என்றால் காத்திருங்கள். இன்னும் 12 மாதச் சுத்தமான பதிவு அந்த வட்டியை இறக்க வாய்ப்பு அதிகம். இரண்டாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, அறிக்கையில் பாக்கி எதுவும் இல்லை, வாடகையும் கடிக்கிறது என்றால் எடுக்கலாம். ஆனால் இடைவழியாக மட்டும், 18 முதல் 24 தவணை தவறாமல் கட்டிவிட்டு வங்கிக்கு மாற்றிக்கொள்ளும் எண்ணத்தோடு.

அப்படி மாற்றுவதற்குக் கடன் மிதக்கும் வட்டியில் (அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி) இருக்க வேண்டும். தனிநபர் வீட்டுக்கடனில் மிதக்கும் வட்டிக்கு முன்கூட்டி அடைக்கும் கட்டணம் வாங்கக்கூடாது. ‘முதல் மூன்றாண்டு நிலையான வட்டி’ என்று இருந்தால் அந்தக் காலத்தில் கட்டணம் கேட்கலாம். கையெழுத்துக்கு முன் முக்கிய விவரத் தாள் ஒன்று கட்டாயம் தர வேண்டும், 2024 அக்டோபர் 1 முதல் இது விதி. அதில் ‘ஏ.பி.ஆர்.’ (கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதம்) என்ற எண்ணைப் பாருங்கள். 13 என்று வாயால் சொன்னது செயல்முறைக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து அங்கே 13.8 என்று நிற்கலாம். ஒன்றரை லட்ச ரூபாய் காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அது கட்டாயமில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, தேவையான டெர்ம் காப்பீட்டை வெளியில் தனியாக எடுங்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்கள் உங்கள் கைக்கு வர வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடனை வங்கிக்கு மாற்றும்போது பத்திரங்கள் நிதி நிறுவனத்திலிருந்து நேராக வங்கிக்குப் போகும். அதற்கான பத்திரப் பட்டியலில் ஒவ்வொரு தாளின் பெயரும் இருக்கிறதா என்று முதல் நாளே சரிபார்த்து, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.